ஊரிலிருந்து வருவோர் இறங்குமிடம்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஊரிலிருந்து உற்றார் வருகின்றனர். அவர்களை எங்கே தங்க வைப்பது? முன்னாளில் இக்கேள்விக்கே இடமில்லை. கூடத்தில் பாய் விரித்தால் பத்துப் பேர் படுத்துக்கொள்வர். இன்றோ நம்மிற் பலர் வாழ்வது இரண்டு அறைகளும் ஒரு சிறு கூடமும் கொண்ட அடுக்குமாடி வீடுகளில். மருத்துவத்தின் பொருட்டோ, திருமணத்தின் பொருட்டோ, பிள்ளையின் நேர்முகத் தேர்வின் பொருட்டோ ஊரார் நால்வர் சேர்ந்து வந்துவிட்டால், அவருள் இருவரேனும் எளிய விடுதியொன்றில் தங்க நேர்கிறது. விருந்தோம்பலில் வந்துற்ற குறையாக அதனை எண்ணி, அழைத்தவரும் வந்தவரும் உள்ளுக்குள் வருந்துகின்றனர். எளிய விடுதி என்பது எவ்வாறு தோன்றியது, அதில் தங்குவோர் அறிந்திருக்க வேண்டுவன யாவை என்பவற்றை, பெங்களூரில் தமிழரும் வாழும் மல்லேஸ்வரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காண்போம்.

பெங்களூர் நகரின் வடமேற்குப் பகுதியில் அமைந்துள்ளது மல்லேஸ்வரம். 1898-ஆம் ஆண்டில் நகரைப் பிளேக் நோய் தாக்கியபின், நெருக்கமான பழைய பேட்டையை விட்டு வெளியேறிய மக்கள், அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் உடையதாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட இப்பகுதியில் குடிபுகுந்தனர். நீண்ட பெருந்தெருக்களைக் குறுக்குத் தெருக்கள் வெட்டிச் செல்கின்றன. குறுக்குத் தெருக்களுக்குப் பெயரினும் எண்ணே வழக்கில் உள்ளது. எட்டாம் கிராஸ் என்றால் கடைத்தெரு எனச் சிறுவரும் அறிவர். சம்பிகே சாலை என்பது நம் செண்பகத்தின் பெயர் தாங்கிய சாலை. மார்கோசா சாலை வேம்பின் பெயர் தாங்கியது. கே.சி. பொது மருத்துவமனையும், தனி இரயில் நிலையமும் இங்கே உண்டு. 1909-இல் தொடங்கப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகமும் அருகிலேயே அமைந்துள்ளது. 2014 முதல் மெட்ரோ இரயிலும் சம்பிகே சாலைக்கு வந்துவிட்டது. ஆகவே நோயாளியும், மாணவரும், மணவீட்டாரும் ஓயாது வந்து செல்லும் இடமாக இது விளங்குகிறது.

இவ்வூருக்குப் பெயர் தந்த காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊரை மராட்டியத் தலைவர் ஏகோஜி இக்கோயிலுக்கு மானியமாக அளித்த செய்தியை 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. சிவாஜியின் இளவலாகிய அதே ஏகோஜிதான் சில ஆண்டுகளுக்குப்பின் தஞ்சையைக் கைப்பற்றி, அங்கே மராட்டிய அரசை நிறுவினார். அவர் மரபில் வந்த மன்னர்களே தஞ்சையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் வழியில் சத்திரங்களைக் கட்டியவர்கள். ஒரத்தநாட்டிலுள்ள முக்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தது.

அச்சத்திரங்கள் நடந்த முறையைச் சரபோஜி மன்னரே 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார். எக்குலத்தவராயினும், எந்நெறியினராயினும் வழிப்போக்கர் அனைவருக்கும் அங்கே சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோற்றை ஏலாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ எனக் கூவி அழைத்து உணவிட்டனர். நோயுற்றவர்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் உண்டு. வழியிலே பேறுகாலம் நேர்ந்த பெண்டிரும் பேணப்பெற்றனர். பிறர் ஊரில் இரவு தங்குவோனுக்கு வேண்டுவன அனைத்தும் இப்பட்டியலுள் அடங்கிவிட்டன. அவ்வளவும் அறமாக நடந்தன. வாடகை என்ற பேச்சே அங்கில்லை.

எனினும் எல்லாக் காலத்துச் சத்திரங்களும் எல்லார்க்கும் திறந்திருந்தன என்று கூற இயலாது. இன்ன சமூகத்தார்க்கு மட்டும் என்று எழுதிவைக்கப்பட்ட சத்திரங்கள் பல இருந்தன. பணம் கொடுத்துத் தங்கும் விடுதிகளிலும் பிறப்பு வினவப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு இதற்கு முடிவு கட்டிற்று. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி, கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் எக்குடிமகனையும் தடுத்தலாகாது என அப்பிரிவு கூறுகின்றது. பிறந்த இடம் என்ற சொல்லை வெளிமாநிலத் தமிழர் ஆகிய நாம் நினைவிற் கொள்ளுதல் நலம்.

இரயில் பெருகியபின் பெங்களூரில் எழுந்த பெரிய சத்திரங்களுள் ஒன்று, நகர இரயில் நிலையத்தின் அருகே குப்பி தோட்டதப்பா என்னும் வணிகர் அமைத்த தர்மசத்திரம். அது 1903-இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரால் திறந்துவைக்கப்பெற்றது. ஆயினும் அறத்தால் நடைபெறும் சத்திரங்களால் மட்டும் பெருகிவரும் பயணிகளைத் தாங்க இயலவில்லை. ஆதலின் நாள் வாடகைக்கு அறை விடும் விடுதிகள் தோன்றின. இவற்றையே லாட்ஜ் என்கிறோம். ஓட்டல் என்றால் தமிழ்நாட்டிலும் கன்னட நாட்டிலும் பொதுமக்கள் பேச்சில் உணவு விடுதியே பொருள். உண்ணவும் உறங்கவும் இடமுள்ளதைப் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று பலகையில் எழுதினர்.

சத்திரம் என்ற சொல்லின் நிலைமை இன்னும் வேறுபட்டது. இது பற்றி நம் வீட்டிலேயே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பெரியப்பா ஒருவர் கண் மருத்துவத்துக்காக வந்தார். முன்னறிவிப்பின்றி இரவில் வந்து இறங்கியவர், அகால நேரத்தில் நம்மை எழுப்புதல் வேண்டாவென்று எண்ணி, மல்லேஸ்வரத்தில் சத்திரம் எங்கேயெனக் கேட்டுக்கொண்டு சென்றிருக்கின்றார். வழி காட்டினார்கள். அங்கோ விளக்குத் தோரணமும் மேளமுமாக இருந்தது. "இங்கே தங்க முடியாது" என்று வாயிற்காவலர் கையசைத்துவிட்டார். காவிரிச் சிக்கலைப் பற்றி நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவர் நம் பெரியப்பா. "தமிழன் என்று தெரிந்ததும் வாசலிலேயே நிறுத்திவிட்டான்" என்று மறுநாட்காலை நம்மிடம் மனம் கசந்து கூறினார்.

உண்மை வேறு. பெங்களூரில் 'சத்ர' என்று இன்று வழங்குவது திருமண மண்டபத்தை. ஆங்கிலத்தில் 'சௌல்ட்ரி' என்றாலும் அதே பொருள்தான். நம் ஊரில் இன்னும் தங்குமிடத்தைக் குறிக்கும் சொல், இங்கே முகூர்த்த வீட்டைக் குறிக்கிறது. அக்காவலர் கூறியது திருமண வீட்டாரைத் தவிரப் பிறர் தங்க இடமில்லை என்பதே. இதனை விளக்கியபின் பெரியப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகுதான் மற்றொரு செய்தியையும் சொன்னார்: அதே காவலர் தம் இடத்தைவிட்டு வந்து, பெட்டியைத் தாமே சுமந்து, இரண்டு தெரு தள்ளியிருந்த எளிய விடுதியொன்றில் அவரைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கின்றார். ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால், உதவி செய்தவரையே பகைவராக எண்ணி ஓர் இரவைக் கழித்தார் அம்முதியவர். அண்டை மொழி பேசுவோரிடையே வாழும் நமக்கு இது புதியதன்று.

ஆதலின், இங்கு வரும் உறவினர்க்குச் சில சொற்களை முன்னரே கற்பித்தல் நன்று. தண்ணீர் என்றால் நமக்குப் பொதுவாக நீர். கன்னடத்திலோ 'தண்ணீரு' என்பது குளிர்ந்த நீரையே குறிக்கும். குளிப்பதற்கு வெந்நீர் வேண்டுவோர் 'பிஸி நீரு' என்று கேட்க வேண்டும். தமிழிலும் தண்ணீரின் முதற்பொருள் தண்ணிய நீர் என்பதேயாம். அதனை மறந்து 'சுடுதண்ணீர்' என்று நாம் சொல்லி வருகிறோம். அறை உண்டா என்பதற்கு 'ரூம் இதெயா' எனலாம். 'எல்லி இளிதுகொண்டித்தீரி' என்று எவரேனும் கேட்டால், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அதன் நேர்ப்பொருள் எங்கே இறங்கியிருக்கிறீர்கள் என்பது. நம் பாட்டிமாரும் இவ்வாறே கேட்பர்.

பயணி இறங்குமிடம் எந்நாட்டிலும் ஒத்த தேவைகளால் உருவாவது. ஆப்பிரிக்காவின் வடபகுதியிலுள்ள எகிப்து நாட்டுத் தலைநகர் கெய்ரோவில், அல் அஸ்ஹர் மசூதிக்கு அருகே, சுல்தான் அல் கூரி 1504–1505-இல் கட்டுவித்த வணிகர் விடுதி இன்றும் காணத்தக்கது. நடுவே முற்றம், கீழ்த்தளத்தில் சரக்கறைகள், மேல் தளங்களில் வணிகர் தங்கும் அறைகள். வட ஆப்பிரிக்க நகரங்களில் இத்தகைய இடத்தை 'ஃபுந்துக்' என்பர். இன்றைய அரபு மொழியில் எந்த விடுதிக்கும் அதுவே பெயர். நம் பழைய விடுதிகளும் இவ்வமைப்பையே பெரிதும் ஒத்தவை: கீழே கடைகள், ஒடுங்கிய மாடிப்படி, நீண்ட நடை, இருபுறமும் அறைகள். வாயிலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு பெரிய பதிவேடு, பின்னால் சாவிகள் தொங்கும் பலகை.

இனி, தங்குவோர் அறிய வேண்டுவனவற்றுள் முதன்மையானது வாடகைக் கணக்கு. இஃது இருவகை. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்வது ஒரு வகை. எவர் எப்போது வரினும் நண்பகல் 12 மணியோடு நாள் முடிந்ததாகக் கொள்வது மற்றொரு வகை. சென்னையிலிருந்து இரவு வண்டியில் புறப்பட்டு விடியற்காலை 5 மணிக்கு வரும் ஒருவர், அன்றிரவு 10 மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் தங்குவது 17 மணி நேரம். முதல் முறையில் அவர் செலுத்துவது ஒரு நாள் வாடகை. இரண்டாம் முறையிலோ, அன்று நண்பகலிலேயே ஒரு நாள் முடிந்துவிடுவதால், இரண்டு நாள் வாடகை. நம் பெரியப்பாவும் இவ்வாறே ஒரு நாள் வாடகையை மிகுதியாகச் செலுத்த நேர்ந்தது. அறையைப் பார்க்குமுன் கணக்கைக் கேட்டல் வேண்டும்.

அடுத்தது கட்டணப் பட்டியல். 1867-ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் வழிப்போக்கர் விடுதிகளைப் பற்றிய பழைய இந்தியச் சட்டம். விடுதியையும் முற்றத்தையும் சாக்கடையையும் தூய்மையாக வைத்தல், காவலர் அமர்த்துதல், தொற்றுநோய் கண்டால் காவல் நிலையத்துக்கு அறிவித்தல், கட்டணப் பட்டியலை யாவரும் காண வைத்தல் ஆகியன விடுதியாளர் கடமைகளாக அதில் கூறப்பட்டுள்ளன. பட்டியலைக் காட்டுமாறு கேட்பதில் நாணம் வேண்டா. வரியும் நினைவில் இருக்கட்டும். நாளொன்றுக்கு 1000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு 2022 ஜூலையில் நீங்கிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு அவ்வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சொல்லும் வாடகை வரி உட்பட்டதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதி, புகைப்பட அடையாளச் சான்று காட்டுதல் எங்கும் வழக்கம். முதியோர் பலர் இதனை அவமதிப்பாகக் கருதுகின்றனர். எல்லார்க்கும் பொதுவான நடைமுறை என்பதை முன்னரே எடுத்துரைப்பது நம் கடமை. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் வருவராயின், வெளிநாட்டவர் தங்கும் செய்தியை 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விடுதியாளர் தெரிவிக்க வேண்டும். ஆதலின் அவர்கள் கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.

முகூர்த்த நாட்களில் திருமண மண்டபங்களைச் சுற்றியுள்ள விடுதிகள் விரைவில் நிறைந்துவிடும். ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்தபின் அறைக்கு ஏற்பாடு செய்தல் அறிவுடைமை. படியேற இயலாதவர்க்குக் கீழ்த்தளத்து அறையும், வெந்நீர் எந்நேரத்தில் வரும் என்ற விவரமும் முன்னரே கேட்டுப் பெறத்தக்கவை. பல எளிய விடுதிகளில் உணவு இல்லை. அதனால் மல்லேஸ்வரத்தில் எவரும் வருந்துவதில்லை. மார்கோசா சாலையில் சென்ட்ரல் டிபன் ரூமின் வெண்ணெய் மசால் தோசையும், பதினைந்தாம் கிராஸில் வீணா ஸ்டோர்ஸின் இட்டலியும் காலை வேளையில் கூட்டத்தை இழுப்பவை. சம்பிகே சாலையில் 1954 முதல் நடந்துவந்த நியூ கிருஷ்ண பவன் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பழைய நினைவோடு அதனைத் தேடி வருவோர்க்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

விருந்தோம்பல் பற்றிய கவலைக்கு மீண்டும் வருவோம். உறவினரை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்புதல் குறையாவது, அவர் அங்கே தனித்து விடப்படும்போதுதான். அறையை நாமே முன்னதாகச் சென்று பார்த்தல், விடுதி மேசையில் நம் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தல், இரவு உணவை நம் வீட்டில் வைத்தல், மருத்துவமனைக்கு நாமே உடன் செல்லுதல் ஆகியன நம்மால் இயலுபவை. மும்பை மாட்டுங்காவிலும் தில்லி கரோல் பாகிலும் வாழும் தமிழர்க்கும் இவை பொருந்தும். சத்திரத்து மணி நள்ளிரவில் அழைத்ததும் உண்ணாதவரைத் தேடியே.

பெரியப்பா அதன்பின் இருமுறை வந்தார். இருமுறையும் அவ்விடுதியின் அதே அறையிலேயே தங்கினார். இரவில் நம் வீட்டில் உண்டபின் நடந்தே திரும்பினார். முதன்முறை வந்தபோது, மறவாமல் கும்பகோணம் வெற்றிலைக் கட்டு ஒன்றை அம்மண்டபத்துக் காவலருக்கென எடுத்துவந்திருந்தார். தமிழில் இவரும் கன்னடத்தில் அவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை நாமே கண்டோம்.