அரக்கனைக் கொன்னா ஊர் திரும்பி வரும்: குவின்டெட்டின் மூணு கேம்கள்

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க கடைசியா விளையாடின ஃபேண்டஸி ஆக்‌ஷன் கேம்ல, ஒரு அரக்கனைக் கொன்னதும் என்ன கிடைச்சுது? காசு, எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட், அதிர்ஷ்டம் இருந்தா ஒரு நல்ல வாள். அவ்வளவுதானே?

1992-ல் ஜப்பானில் ஒரு கேம் வந்தது. அதுல ஒரு அரக்கர் கூட்டத்தை அழிச்சா, ஒரு மனுஷர் உயிரோட திரும்பி வருவார். அடுத்த கூட்டத்தை அழிச்சா ஒரு வீடு, அதுக்கு அடுத்து ஒரு ஆடு, ஒரு பூச்செடி. வெறும் பொட்டலா இருந்த இடம், நீங்க சண்டை போடப் போட ஒரு ஊரா மாறும். அந்த கேம் பேரு சோல் பிளேஸர். அதைச் செஞ்ச கம்பெனி குவின்டெட். இன்னிக்குப் பேசப்போறது அந்தக் கம்பெனி சூப்பர் நிண்டெண்டோவுக்காகச் செஞ்ச மூணு கேம்களைப் பத்தி. கடைசி கேமோட முடிவையும் சொல்லப்போறேன், அதனால ஸ்பாய்லர் வேண்டாம்னு நினைக்கிறவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.

யார் இந்த குவின்டெட்?

1989-ல் டோக்கியோவில் ஆரம்பிச்ச ஒரு சின்ன ஸ்டுடியோ. ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமான ரெண்டு பேர் டோமோயோஷி மியாசாகி, மசாயா ஹாஷிமோட்டோ. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி நிஹான் ஃபால்காம் கம்பெனியில் 'ஈஸ்' கேம்களில் வேலை செஞ்சவங்க. குவின்டெட் கேமை உருவாக்கும். எனிக்ஸ் அதை வெளியிடும். ஆமாம், 'டிராகன் குவெஸ்ட்' எனிக்ஸ்தான்.

இவங்களோட முதல் பெரிய வெற்றி 1990-ல் வந்த 'ஆக்ட்ரெய்சர்'. அதுல நீங்க கடவுள். பாதி நேரம் வாள் எடுத்துச் சண்டை, மீதி நேரம் மேல இருந்து மக்களுக்கு ஊர் அமைச்சுக் கொடுக்கற வேலை. இந்த ரெண்டையும் சேர்க்கற யோசனையைத்தான் இந்த மூணு கேம்களிலும் வேற வேற விதமா வளர்த்தாங்க.

ஒரு ஆன்மாவுக்கு ஒரு தங்கக் காசு

சோல் பிளேஸர் கதை இது. ஒரு பேராசைக்கார ராஜா டெத்டோல்ங்கிற அரக்கனோட பேரம் பேசறான். ஒரு உயிரோட ஆன்மாவுக்கு ஒரு தங்கக் காசு. கடைசியில் அந்த நாட்டில் மனுஷன், மிருகம், செடி எதுவும் மிச்சம் இல்லை. கடவுள் அனுப்பின தூதனா நீங்க இறங்கிப் போய், ஒவ்வொரு ஆன்மாவா மீட்கணும்.

ரொம்ப சிம்பிளான கேம்தான். ஒரே மாதிரி சண்டை திரும்பத் திரும்ப வரும். ஆனா மீட்ட ஒவ்வொரு உயிரும் உங்ககிட்ட பேசும், நாய்கூட, செடிகூட. அப்ப அது வெறும் ஸ்கோரா தெரியாது.

ரெண்டாவது, 1993-ல் வந்த 'இல்யூஷன் ஆஃப் கையா'. ஐரோப்பாவில் இதுக்கு 'இல்யூஷன் ஆஃப் டைம்'னு பேரு. இதோட கதையை எழுதினவர் மரிக்கோ ஓஹாரா, அறிவியல் புனைகதை எழுத்தாளர். கதாபாத்திரங்களை வரைஞ்சவர் மோட்டோ ஹாகியோ, ஜப்பானிய மங்கா உலகத்தில் பெரிய பேரு. கையில் புல்லாங்குழலோட வில்ங்கிற பையன் இன்கா இடிபாடு, நாஸ்கா, அங்கோர் வாட்னு சுத்தறான்.

இதுல எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் கிடையாது. ஒரு பகுதியில் இருக்கற எதிரிகள் எல்லாரையும் முடிச்சாத்தான் உங்க பலம் கூடும். பார்க்க குழந்தைகள் கேம் மாதிரி இருக்கும், ஆனா உள்ள அடிமை வியாபாரம் வரும், பட்டினி வரும். பட்டினியில் கிடக்கற ஒரு கிராமத்துக்காக, கூட வந்த ஹாம்லெட்ங்கிற பன்னிக்குட்டி தானே போய் நெருப்பில் குதிக்கும். அதை எதிர்பார்க்காம விளையாடினவங்க யாரும் மறக்க மாட்டாங்க.

அத்தானோட கேசட்

மூணாவதுதான் நான் இந்த எபிசோடு பண்ணறதுக்கே காரணம்: 'டெர்ரானிக்மா'. ஜப்பானில் அதுக்குப் பேரு 'டென்ச்சி சோசோ'. வானத்தையும் பூமியையும் படைக்கறதுன்னு அர்த்தம். 1995 அக்டோபரில் அங்க வந்தது.

லண்டன்ல இருக்கற எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப, அத்தான் பரண்ல இருந்து அவரோட பழைய சூப்பர் நிண்டெண்டோவை இறக்கினார். கூடவே இந்த கேசட். "பதினஞ்சு வயசுல முடிச்சேன், என் சேவ் இன்னும் இருக்கும் பாரு"ன்னு சொன்னார். போட்டுப் பார்த்தா சேவ் காலி.

காரணம் ரொம்ப சாதாரணம். அந்தக் காலத்து இந்த மாதிரி கேசட்டுக்குள்ள ஒரு ரூபாய் நாணயம் சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும். நீங்க சேவ் பண்ணினதைக் காப்பாத்தறது அதுதான். பேட்டரி செத்தா சேவும் போச்சு. அதைச் சால்டரிங் பண்ணித்தான் மாத்தணும். அத்தான் மாத்தி வாங்கிட்டு வந்தார், நான் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

ஆர்க்னு ஒரு குறும்புக்காரப் பையன். பூமிக்கு அடியில் இருக்கற கிரிஸ்டாங்கிற கிராமத்தில் இருக்கான். திறக்கக் கூடாதுன்னு சொன்ன பெட்டியைத் திறக்கறான், ஊரே உறைஞ்சு போகுது. அதைச் சரிபண்ண அஞ்சு கோபுரங்களுக்குப் போறான். ஒவ்வொரு கோபுரம் முடியும்போதும் மேல் உலகத்தில் ஒரு கண்டம் எழும்புது. அப்புறம் அவனே மேல போய், முதல்ல செடிகொடி, பிறகு பறவை, பிறகு விலங்கு, கடைசியா மனுஷங்கன்னு உயிர் கொடுக்கறான்.

சண்டையும் நல்லா இருக்கும். ஆயுதம் ஈட்டி. நின்னு அடிச்சா ஒரு மாதிரி, ஓடிவந்து அடிச்சா வேற மாதிரி, குதிச்சு அடிச்சா இன்னொரு மாதிரி. ஒரே பட்டனில் இத்தனையும். இன்னிக்கு விளையாடினாலும் கை உடனே பழகிடும்.

என்னை நிறுத்தின இடம் நடுவில் வருது. அதுவரைக்கும் ஆர்க்கால செடியோடயும் விலங்கோடயும் பேச முடியும். மனுஷங்க திரும்பி வந்ததும், விலங்குகள் பேசறது அவனுக்குப் புரியாமப் போயிடும். அதுக்கப்புறம் அதெல்லாம் வெறும் சத்தம். கேம் இதுக்கு விளக்கம் எதுவும் கொடுக்காது, சோக மியூசிக் போடாது. நீங்கதான் இந்த உலகத்தைக் கொண்டுவந்தீங்க, அதுக்கு இது விலை. பிறகு ஊர்கள் நகரமாகும், புதுப் புதுக் கண்டுபிடிப்பு வரும், கடைசியில் விமானமே வந்துடும். ஒவ்வொண்ணையும் பார்த்து சந்தோஷப்படறப்போ, அந்த ஆரம்பத்து மௌனமான காடு ஞாபகத்துக்கு வரும்.

முடிவு இன்னும் கஷ்டம். ஆர்க்கைப் படைச்சதே தீய சக்திதான். அதை அவன் அழிச்சா, அவனும் அவனோட கிராமமும் மறைஞ்சு போகணும். தெரிஞ்சே அழிக்கறான். பரிசா கிடைக்கறது சொந்த ஊரில் ஒரே ஒரு நாள். அன்னிக்கு ராத்திரி தூங்கறான். கனவுல பறவையா மாறி, தான் உயிர் கொடுத்த உலகத்துக்கு மேல பறக்கறான்.

ஏன் யாருக்கும் தெரியலை?

ஒண்ணு, நேரம். ஜப்பானில் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர்லயே வந்தாச்சு. எல்லாரும் 3டி பக்கம் திரும்பின சமயத்தில் இது ஒரு 2டி கேம்.

ரெண்டு, எனிக்ஸோட அமெரிக்கக் கிளை அந்தச் சமயத்தில் மூடப்பட்டது. 1996 டிசம்பரில் ஐரோப்பாவில் நிண்டெண்டோ இதை வெளியிட்டது. அப்போ ஆங்கில மொழிபெயர்ப்பு தயாரா இருந்தும், அமெரிக்காவில் கேம் வரவே இல்லை. ஐரோப்பியக் கேசட் அமெரிக்கக் கன்சோலில் நேரடியா ஓடவும் ஓடாது. அதனால அங்க எழுதப்பட்ட 'சிறந்த 90ஸ் கேம்' பட்டியல் பலதில் இதுக்கு இடம் கிடைக்கலை. நாமளும் பெரும்பாலும் அந்தப் பட்டியல்களைத்தானே படிக்கறோம்?

மூணு, குவின்டெட்டே இப்ப இல்லை. 2003-ல் எனிக்ஸ், ஸ்குவேரோட சேர்ந்து ஸ்குவேர் எனிக்ஸ் ஆச்சு. அவங்க 2021-ல் ஆக்ட்ரெய்சரைப் புதுப்பிச்சு வெளியிட்டாங்க. டெர்ரானிக்மா இதுவரை எந்தப் புதுக் கன்சோலுக்கும் அதிகாரபூர்வமா வரலை. கேமுக்குக் கதாபாத்திரங்கள் வரைஞ்ச கமுய் ஃபுஜிவாராவே மறுவெளியீடு கேட்டு ஆன்லைன்ல கையெழுத்து வாங்கற நிலைமை வந்தது.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு நீங்க கேக்கலாம். ஒரு பழைய சினிமா பிரின்ட் அழிஞ்சா நாம வருத்தப்படறோம். கேமும் அப்படித்தான், ஆனா கூடுதலா ஒரு சிக்கல்: அதைக் கதையாக் கேட்டாலோ வீடியோவாப் பார்த்தாலோ பாதிதான் வந்து சேரும். அந்த விலங்கு பேசாம நிக்கறப்போ, பட்டனை அழுத்தினது உங்க விரலா இருக்கணும். அப்பத்தான் அது உறைக்கும். இப்போதைக்கு அது பழைய கேசட் வெச்சிருக்கறவங்களுக்கும், அந்தக் கேசட்டுக்குத் தேடி அலைஞ்சு அதிக விலை கொடுக்கறவங்களுக்கும் மட்டும் கிடைக்குது.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி நான் முடிச்சேன். காலையில் அத்தான் கன்சோலைத் திரும்பப் பரண்ல ஏத்தலை, டிவி பக்கத்துலயே வெச்சார். "அக்கா பையனுக்கு அடுத்த வருஷம் பத்து வயசு. அவன் ஆடட்டும், பேட்டரி இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும்"னார்.

உங்க வீட்லயோ, சொந்தக்காரங்க வீட்லயோ ஏதாவது பழைய கேசட் இருந்தா, இந்த வாரம் ஒரு தடவை எடுத்துப் போட்டுப் பாருங்க. சேவ் இருக்கா இல்லையான்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.