வாசல்வரை வந்து நிற்கும் ரயில்: யார் பொறுப்பு?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வடக்கே பேட்டையிலும், தெற்கே நேமத்திலும் ரயில்கள் காத்து நிற்பது பயணிகளுக்குப் பழகிப்போன ஒன்று. "அவுட்டரில் போட்டுவிட்டார்கள்" என்று சலித்துக்கொள்வோரின் கோபம் பெரும்பாலும் ஓட்டுநர் மீதும் நிலைய அதிகாரி மீதுமே பாய்கிறது. ஆனால் அந்த இருவரும் விதியை மீறி ரயிலை உள்ளே கொண்டுவர இயலாது. அவ்விதியை மீறக் கூடாது என்பதற்கான காரணம் பல நூறு உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளப்பட்டது.

அவுட்டர் சிக்னல் என்பது கைகாட்டி மரக் காலத்துச் சொல். பல வண்ண விளக்குகள் வந்த நிலையங்களில் அப்படியொரு சிக்னலே இல்லை. பெயர் மட்டும் பயணிகள் நாவில் தங்கிவிட்டது. இன்று ரயிலை வெளியே நிறுத்தி வைப்பது ஹோம் சிக்னல். நிலையத்தின் எல்லைக் காவலன் அதுதான்.

அந்தச் சிக்னல் சிவப்பிலிருந்து மாற வேண்டுமானால், ரயில் வந்து நிற்கவுள்ள பாதை காலியாக இருந்தால் மட்டும் போதாது. பாதை மாறும் இடங்களில் உள்ள பாயிண்டுகள் உரிய திசையில் அமைந்து பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் மேலாக, ரயில் நிற்க வேண்டிய ஸ்டார்ட்டர் சிக்னலைத் தாண்டியும் குறைந்தது 120 மீட்டர் பாதை தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது ரயில்வேயின் பொது விதி. ஓட்டுநர் பிரேக்கைச் சற்றுத் தாமதமாகப் பிடித்தாலும் வண்டி எதன் மீதும் மோதாதிருக்க விடப்படும் இடம் அது.

ஒற்றைப் பாதையில் இந்த 120 மீட்டர் மேலும் சிக்கலாகிறது. எதிரெதிர்த் திசைகளில் இருந்து இரு ரயில்கள் ஒரே நேரத்தில் ஒரு சிறிய நிலையத்தை நெருங்கினால், ஒன்றுக்கு ஒதுக்கப்படும் பாதுகாப்பு இடம் மற்றொன்றின் வழியில் குறுக்கிடும். தனியே பிரித்துவிடும் வசதி இல்லாத நிலையங்களில் இரண்டையும் ஒருசேர அனுமதிக்க விதி இடம் தருவதில்லை. ஒன்று உள்ளே வந்து முழுமையாக நின்ற பின்னரே, வெளியே நிற்கும் மற்றதற்குச் சிக்னல் கிடைக்கும்.

கன்னியாகுமரி மாவட்ட மக்களுக்கு இது நேரடி அனுபவம். 1979 அக்டோபர் 2ஆம் தேதி உருவாக்கப்பட்ட திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ்தான் நாகர்கோவில், கன்னியாகுமரி தடங்கள் உள்ளன. அவற்றை மதுரைக் கோட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற குரல் அங்கு பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இரட்டைப் பாதைப் பணியோ ஆமை வேகத்தில் நகர்ந்து வந்திருக்கிறது. கோட்டம் எதுவாயினும், பாதை ஒன்றாக இருக்கும் வரை காத்திருப்பு தீராது.

தலைநகர நிலையத்தின் இடநெருக்கடி தனிக்கதை. தம்பானூரில் 1931இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் நிலையத்தில் இருப்பவை ஐந்து நடைமேடைகள். நெருக்கடியைக் குறைக்க 2005இல் கொச்சுவேளி முனையம் திறக்கப்பட்டது. நேமம் முனையத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு கட்டத்தில் கைவிடப்படும் நிலைக்குச் சென்ற திட்டம், கேரளத்தின் எதிர்ப்புக்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. 2024இல் கொச்சுவேளி திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் திருவனந்தபுரம் தெற்கு என்றும் பெயர் பெற்றன. பெயர் மாற்றுவது எளிது. நடைமேடை கட்டுவதற்குத்தான் தில்லியில் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

சிக்னலும் பாயிண்டும் ஒன்றுக்கொன்று முரணாகச் செயல்படாதபடி கட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். அது பொய் சொன்னால் என்ன நேரும் என்பதை ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டம் பஹனாகா பஜாரில் 2023 ஜூன் 2ஆம் தேதி நாடு கண்டது. நேர்ப்பாதைக்குப் பச்சை விளக்கு பெற்று விரைந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், லூப் பாதைக்குத் திரும்பி நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் வயரிங்கில் செய்யப்பட்ட தவறான இணைப்புகளே காரணம் எனப் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியது. 2024 அக்டோபர் 11ஆம் தேதி சென்னை அருகே கவரைப்பேட்டையிலும், நேர்ப்பாதைக்குச் சிக்னல் பெற்ற பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் பாதையில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு ஏற்படாதது நல்வாய்ப்பே.

ஓட்டுநர் தவறினாலும் ரயில் தானாக நிற்க வேண்டும் என்ற கோரிக்கை புதிதல்ல. அனில் ககோட்கர் குழு 2012இலேயே 19,000 கி.மீ. முக்கியத் தடங்களில் நவீன சிக்னல் முறையை ஐந்தாண்டுகளில் அமைக்கப் பரிந்துரைத்தது. அந்த ஐந்தாண்டு முடிந்து நெடுங்காலமாகிறது. உள்நாட்டில் உருவான 'கவச்' தேசியப் பாதுகாப்பு முறையாக 2020இல் ஏற்கப்பட்டது. எனினும் 2024 வரை அது செயல்பட்டது தென் மத்திய ரயில்வேயின் 1,465 கி.மீ. தடத்தில் மட்டுமே, 2025இல்தான் மதுரா - கோட்டா தடம் அதில் சேர்ந்தது. சிவப்பைக் கடக்க முயலும் ரயிலைக் கவச் நிறுத்தும். ஆனால் இன்டர்லாக்கிங் தரும் தகவலையே அதுவும் நம்புவதால், பஹனாகா போன்ற பிழைக்கு அது முழு மருந்தாகாது என்பதையும் ஆட்சியாளர்கள் மக்களிடம் சொல்ல வேண்டும்.

மெட்ரோ ரயில்களில் நிலைமை வேறு. 2017 ஜூனில் தொடங்கிய கொச்சி மெட்ரோவில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தை ரேடியோ வழியே தொடர்ந்து தெரிவிக்கிறது. முன்னால் செல்லும் ரயிலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கணினி கணக்கிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வேகம் மீறினால் பிரேக் தானே பிடிக்கும். இதுவும் இழப்பில் விளைந்த பாடம்தான். லண்டன் மூர்கேட் சுரங்க நிலையத்தில் 1975 பிப்ரவரி 28ஆம் தேதி ரயில் ஒன்று வேகம் குறையாமல் பாதையின் முடிவுச் சுவரில் மோதி 43 பேர் இறந்தனர். அதன் பிறகே, முனையத்துக்குள் வரும் ரயில் குறித்த வேகத்தை மீறினால் தானாக நிறுத்தும் கருவிகள் அங்கு பொருத்தப்பட்டன. திருவனந்தபுரத்துக்கும் மெட்ரோ வேண்டும் என்ற திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்தில் உருமாறிக்கொண்டே வருகிறது.

கருவி இல்லாத தடங்களில் எஞ்சுவது ஓட்டுநரின் கண் ஒன்றே. தானியங்கி சிக்னல் தடத்தில் சிவப்பு விளக்கு மாறாவிட்டால் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, பிறகு மிகுந்த எச்சரிக்கையுடன் நகரலாம் என்பது விதி. 2024 ஜூன் 17ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ரங்கபானி அருகே சிக்னல் பழுதான தடத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதியபோது, விபத்தில் இறந்துவிட்ட சரக்கு ரயில் ஓட்டுநர் மீதே அன்றே பழி சுமத்தப்பட்டது. வேக வரம்பு குறிப்பிடப்படாமல் அவருக்குத் தவறான அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டிருந்ததைப் பின்னர் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

அதே மாதத்தில்தான் கேரளம் உள்ளிட்ட தெற்கு ரயில்வே பகுதிகளின் ஓட்டுநர்கள் வார ஓய்வு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தனர். வாரத்துக்கு 46 மணி நேர ஓய்வு, தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது, 48 மணி நேரத்துக்குள் தலைமையிடம் திரும்ப வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். ஓய்வை எடுத்துக்கொண்டதற்காகவே பலர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது.