வேலியில்லா நகரம்

பாரிஸையும் லண்டனையும் ரோமாபுரியையும் கண்டு களித்த கண்களோடு ஓஸ்லோவில் வந்து இறங்கும் பிரயாணிக்கு, முதல் நாளில் மனத்தில் சற்றே ஏமாற்றம் தட்டுவது இயல்புதான். சக்கரவர்த்திகளின் வெற்றித் தோரணமோ, காண்போரை மலைக்கச் செய்யும் கோபுர வரிசையோ அங்கே அவனை எதிர்கொள்வதில்லை. விமான நிலையத்தில் ஏறிய விரைவு ரயில், வயல்களையும் ஊசியிலைக் காடுகளையும் ஒரு நீண்ட சுரங்கத்தையும் கடந்து, சுமார் இருபது நிமிஷத்தில் நகரத்தின் நடுவே அவனை இறக்கிவிடுகிறது. வெளியே வந்தால், ஒரு புறம் மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் நீலக் கடற்கழி. மறுபுறம் காடு கவிந்த குன்றுகள். ஜூன் மாதமாயிருந்தால் இரவு பத்து மணிக்கும் மறையாத சூரியன். இயற்கையின் சௌந்தரியம் இவ்வளவு இருந்தும், நகரத்தின் மகிமை எதில் இருக்கிறதென்று உடனே விளங்குவதில்லை.

அது விளங்கத் தொடங்குவது கால் நடையில்தான். ரயில் நிலையத்துக்குச் சமீபத்திலே, கடலை ஒட்டி, 2008-ஆம் வருஷம் திறக்கப்பட்ட இசை நாடக அரங்கு நிற்கிறது. இத்தாலியின் கராராவிலிருந்து தருவித்த வெண்சலவைக்கல் பாவிய அதன் கூரை, நீர்மட்டத்திலிருந்தே சரிவாக எழுந்து உச்சி வரையில் செல்வதால், உள்ளே பாட்டுக் கேட்கச் சீட்டு வாங்கியவரும் வாங்க வசதியில்லாதவரும் ஒன்றுபோல அதன்மீது ஏறி உலாவலாம். அங்கிருந்து கார்ல் யோஹான் வீதி வழியாக, பாராளுமன்றத்தையும் பல்கலைக்கழகத்தையும் கடந்து நடந்தால், வீதியின் கோடியிலே, 1849-இல் கட்டி முடித்த அரண்மனை ஒரு மேட்டின்மேல் தெரிகிறது. காவற்காரர்கள் நிற்கிறார்கள், ஆனால் சுற்று மதில் இல்லை. அரண்மனையைச் சூழ்ந்த பூங்காவில் ஜனங்கள் புல்தரையில் சாய்ந்து வெயில் காய்கிறார்கள். நம் நாட்டில் மாவட்ட ஆட்சியர் மாளிகை வாசலில்கூட இந்தச் சுவாதீனத்தை நான் கண்டதில்லை.

இந்த மனப்பான்மையின் உன்னத வடிவத்தைக் காண வேண்டுமானால் ஃபிராக்னர் பூங்காவுக்குப் போக வேண்டும். நகர சபை 1921-இல் குஸ்தாவ் விகெலாந்து என்னும் சிற்பியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது: அவருக்கு வீடும் சிற்பக்கூடமும் நகரம் தரும், அவருடைய படைப்புகளெல்லாம் நகரத்துக்குச் சொந்தம். அதன் பலனாக இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்பங்கள் இன்று வெட்டவெளியிலே, கட்டணமின்றி, இரவும் பகலும் நிற்கின்றன. அவற்றுள் அரசனில்லை, சேனாபதியில்லை, தெய்வமுமில்லை. குழந்தையைத் தூக்கிச் சுற்றும் தகப்பன், பிணங்கி நிற்கும் சிறுவன், தழுவிக்கொள்ளும் காதலர், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்த முதியோர் என்று, பிறப்பு முதல் மரணம் வரை மனிதன் ஒருவனே அங்கே ஆடையின்றி, பட்டமின்றி, காட்சி தருகிறான். நடுவே, பதினான்கு மீட்டர் உயரமுள்ள ஒரே கருங்கல்லில், ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு மேலேறும் 121 உருவங்கள். மூன்று கல்தச்சர்கள் பதினான்கு வருஷம் செதுக்கியவை. மகாபலிபுரத்துப் பாறைச் சிற்பத்தின் முன் நின்ற தமிழன், இந்தத் தூணின் அருகே வெகுநேரம் நிற்காமல் திரும்ப மாட்டான்.

நகரத்தை ஒட்டிய காட்டுக்கும் இதே வேலியில்லா நியாயம்தான். 1957-இல் இயற்றிய சட்டமொன்றின்படி, பயிரிடாத நிலத்தில், அது யாருடைய உடைமையாயிருந்தாலும், எவரும் நடந்து செல்லலாம். நிலத்தடி ரயிலிலோ, சீட்டைப் பரிசோதித்துத் திறக்கும் தடுப்புகளில்லை. அவ்வப்போது பரிசோதகர் வருவதோடு சரி.

இப்படித் திறந்து வாழ்வது சுலபமாக வாய்த்த வரமன்று. 2011 ஜூலை 22-ஆம் தேதி, ஒரு கொடியவன் அரசாங்க அலுவலகங்களின் முன் குண்டு வெடிக்கச் செய்து, பின்னர் உட்டோயா தீவில் கூடியிருந்த தொழிற்கட்சி இளைஞர்களைச் சுட்டான். மாண்டவர் 77 பேர். அத்தனை துக்கத்திலும், இன்னும் அதிகமான ஜனநாயகமும் திறந்த மனமுமே இதற்கு எங்கள் பதில் என்று நார்வேப் பிரதமர் சொன்னதை நினைக்கும்போது, மதிலில்லாத அந்த அரண்மனையை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது.

அன்று அத்தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே வந்த கம்சாயினி குணரத்தினம். 2015-இல் அவர் ஓஸ்லோவின் துணை மேயரானார். ஆண்டுதோறும் டிசம்பர் 10-ஆம் தேதி நோபல் சமாதானப் பரிசு வழங்கப்படும் அந்தச் செங்கல் நகர மண்டபம் அவருடைய பணியிடமாயிற்று. 2021-இல் பாராளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1956-இல் இங்கு வந்த ஆண்டனி ராஜேந்திரம் என்னும் ஈழத் தமிழர், மீன்பிடித் தொழிலைக் கற்று, நார்வே மக்களின் உதவியோடு காரைநகரில் ‘சீ-நோர்’ படகுத் தொழிற்சாலையைத் தோற்றுவித்தார். பின்னர் யுத்தம் துரத்திய பல்லாயிரவர் வந்தார்கள். சுற்றுலாப் பிரயாணிக்குக் காட்சியளிக்கும் வேலியின்மை, அகதிக்கு அப்படியே வாய்க்கவில்லை. குடியேற்ற அனுமதி, பிள்ளைகளோடு கூடி வாழும் உரிமை, குளிர், அந்நிய பாஷை என்று பல வேலிகளை அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது.

ஆகையால் ஓஸ்லோவுக்குச் செல்லும் நம்மவர், ஓவியர் மூங்கின் படைப்புகளையும் நகரத்துக் கோட்டையையும் பார்த்த கையோடு, வெஸ்ட்லி செல்லும் ரயிலில் ஏறி அம்மெரூட் நிலையத்தில் இறங்கவும் ஒரு பொழுதை ஒதுக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். அந்தப் பகுதியில்தான் ஈழத் தமிழர் எழுப்பிய சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. அங்கே வழிபட வரும் பெரியவர்களிடம், அவர்கள் முதன்முதலில் இந்நகரத்தில் வந்திறங்கிய நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்; அவர்கள் கண்ட ஓஸ்லோ எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.