கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மலையில் விளையும் சாலட் இலைகள் அடுப்பைப் பார்க்காமலே நம் தட்டுக்கு வருகின்றன. அவை நல்லவையா என்பது பெரும்பாலும் ஓடைக்கரையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஷவர்மா சாப்பிட்டவர் மருத்துவமனையில் என்று செய்தி வந்தால் நம் சந்தேகம் முதலில் கறி மேல் போகும், அடுத்து மயோனைஸ் மேல் போகும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் தமிழகத்தில் ஓராண்டுத் தடையே வந்தது. நல்ல முடிவு. ஆனால் அதே ரொட்டிக்குள் பச்சையாக நறுக்கிப் போட்ட முட்டைகோஸையும் லெட்டூஸையும் நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கறி அரைகுறையாகவாவது நெருப்பைப் பார்த்துவிடுகிறது. இலை அதைக்கூடப் பார்ப்பதில்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 2006இல் பையில் அடைத்து விற்ற பாலக்கீரையைத் தின்று சுமார் 200 பேர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். கலிபோர்னியாவில் அந்தக் கீரை விளைந்த வயலுக்கு அருகே ஆற்று நீரிலும், மாட்டுச் சாணத்திலும், காட்டுப்பன்றிக் கழிவிலும் அதே ஈ.கோலை ஓ157 கிருமி கிடைத்தது. 2018இல் யூமா பகுதியின் ரோமெய்ன் லெட்டூஸால் 210 பேர் பாதிக்கப்பட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். அந்த முறை கிருமி பாசனக் கால்வாய்த் தண்ணீரில் இருந்தது.

ஓடையில் தொடங்குகிறது

நம் நீலகிரிக்கு வருவோம். ஊட்டி தாவரவியல் பூங்காவே 1840களில் வெள்ளைக்காரர்களுக்குக் காய்கறி விளைவிக்கத் தொடங்கிய தோட்டம்தான். கேரட், கோஸ், பீட்ரூட் என்று வந்த இங்கிலீஷ் காய்கறிகளை நாம் பொரியலாக்கினோம், கூட்டாக்கினோம். ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனாலும் இந்தக் கிருமிகள் சாக 70 டிகிரிக்கு மேல் நன்றாக வெந்தால் போதும். நம் அடுப்பு பல தலைமுறைகளாகச் சத்தமில்லாமல் நம்மைக் காத்து வந்திருக்கிறது.

இப்போது அதே சரிவுகளில் லெட்டூஸ், செலரி, பார்ஸ்லி, சைனீஸ் கேபேஜ் விளைகின்றன. சைனீஸ் காய்கறி என்று மலையில் சொல்லப்படும் இவை நகரத்து நட்சத்திர ஓட்டல்களுக்கும் பர்கர் கடைகளுக்கும் போகின்றன. இவற்றில் பலவும் பச்சையாகவே தின்னப்படுபவை.

என் பெரிய கவலை தண்ணீர்தான். ஊட்டி அருகே கேத்தி பாலாடா பக்கம் போனவர்கள் ஓடையை ஒட்டிக் கேரட் கழுவும் காட்சியைப் பார்த்திருப்பார்கள். மண் ஒட்டிய காய்க்கு மேட்டுப்பாளையம் மண்டியில் விலை குறையும் என்பதால் கழுவித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் மலையில் ஓடை என்பது மேலே உள்ள ஊரின் சாக்கடையும்தான். ஊட்டி நகரத்துக்குள் ஓடி ஏரியில் சேரும் கோடப்பமந்து கால்வாயைப் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மேலே ஒரு குடியிருப்பின் கழிவு கலந்தால், கீழே அதே தண்ணீர் ஸ்பிரிங்ளர் வழியாக இலை மேல் தூறலாக விழுகிறது. பிறகு அதே தண்ணீரில் இலை கழுவவும் படுகிறது.

வீட்டில் கழுவிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஈ.கோலை ஓ157 நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரும். அதன் நச்சு குழந்தைகளின் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். இலையின் மடிப்பிலும் வெட்டுக்காயத்திலும் நுண்துளையிலும் ஒளிந்த கிருமியைக் குழாய்த் தண்ணீர் குறைக்குமே தவிர ஒழிக்காது. உப்பு, மஞ்சள் கலந்த தண்ணீரையும் நம்பி இருக்க முடியாது. ஒரே தொட்டியில் மூட்டை மூட்டையாக முக்கி எடுத்தாலோ, கெட்ட ஓர் இலையின் கிருமி நல்ல இலைகளுக்கெல்லாம் பரவுகிறது.

எருவும் காட்டெருமையும்

சமவெளியிலிருந்து லாரியில் ஏறும் கோழி எருவில் சால்மோனெல்லா இருக்கலாம். குவித்து, கிளறி, 55 டிகிரிக்கு மேல் சூடேறி மக்கினால் கிருமி சாகும். பச்சை எருவாகப் போட்டால்? மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு, பச்சை எரு இட்டபின் 120 நாள் கழித்தே அறுவடை என்கிறது அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதி. லெட்டூஸோ ஏறத்தாழ இரண்டு மாதப் பயிர். அதாவது இந்தப் பயிரை நடும்போது பச்சை எரு போடவே வழியில்லை.

குன்னூர், கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்திலிருந்து காய்கறி வயலுக்குள் இறங்கும் காட்டெருமைகளும் உண்டு. அசைபோடும் விலங்குகளின் குடல்தான் ஓ157இன் இருப்பிடம். வேலி பயிரைக் காப்பதோடு, தின்பவரையும் காக்கிறது.

இலை அறுக்கும் பெண்களை மறந்துவிடக் கூடாது. டைபாய்டும் ஷிகெல்லாவும் மனிதக் கழிவு வழியே வருபவை. வயலருகே கழிப்பறையும் சோப்பும் தராமல் சுத்தமான இலையை மட்டும் அவர்களிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

பழி யார் மேல் விழும்?

2011இல் ஜெர்மனியில் ஈ.கோலைத் தொற்றால் ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்பட்டு, 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. வாங்க ஆளில்லாமல் வெள்ளரி குப்பைக்குப் போனது. கடைசியில் காரணமாகக் கண்டறியப்பட்டது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையை முளைகட்டிய பயிர். தவறே செய்யாத விவசாயிகள் இழந்ததை யார் திருப்பித் தருவது?

நம் மண்டியில் பல வயல்களின் மூட்டைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எந்த இலை எந்த ஊர் வயலில் விளைந்தது என்று பின்னால் தேடிப் போக மூட்டையில் ஓர் அடையாளமும் இல்லை. நாளை சென்னையிலோ கோவையிலோ ஒரு சாலட் பலரைப் படுக்கவைத்தால், "ஊட்டிக் காய்" என்ற ஒரே சொல்லில் மலை முழுவதும் தண்டனை அனுபவிக்கும்.

ஓட்டல் சமையலறையின் அசுத்தம்தான் முதல் காரணம் என்பாரும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அங்கே எவ்வளவு துடைத்தாலும், வயலிலேயே இலைக்குள் புகுந்த கிருமி போகாது.

தீர்வு இருக்கிறது என்பதற்குச் சிலி நாட்டின் சாண்டியாகோ சாட்சி. பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்குச் சாக்கடை கலந்த நீர் பாய்ந்த அந்த நகரில் டைபாய்டு ஓயாத நோயாக இருந்தது. 1991இல், காலரா பயத்தில், அந்தப் பாசனத்தை நிறுத்தினார்கள். டைபாய்டும் மளமளவென்று குறைந்தது.

நீலகிரிக்கும் அதே துணிவு வேண்டும். காய்கறி விளையும் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் குளோரின் கலந்த நல்ல தண்ணீரில் கழுவும் பொது நிலையம், இலைப் பயிருக்குச் சொட்டுநீர், மக்கிய எரு, மூட்டைக்கு வயல் அடையாளம். இவற்றின் செலவைச் சிறு விவசாயி தலையில் மட்டும் கட்டாமல் அரசும், இலையை வாங்கி லாபம் பார்க்கும் நிறுவனங்களும் ஏற்க வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு இலை வகைகளை வேகவைத்தே கொடுங்கள். பச்சையாகத் தின்பவர்கள் மேல் இலைகளை நீக்கி, ஓடும் நீரில் ஒவ்வொன்றாகக் கழுவி, சாப்பிடும் நேரத்தில் மட்டும் நறுக்குங்கள். வேகவைக்காமல் தின்னும் இலை மேல், குடிக்கத் தகுந்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் படக் கூடாது. மலைக்கு இதைவிடக் குறைந்த விதி போதாது.