விமானம் ஓடிய மண்ணில் வீடுகள்

அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே வெட்டவெளியாகக் கிடக்கும் இடமாகப் பார்த்துத்தான் விமான நிலையம் கட்டுவார்கள். ஊர் சும்மா இருக்குமா? வளர்ந்து வளர்ந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டுவிடும். அப்புறம் வீட்டுக்கூரை மேலேயே விமானம்! கடைசியில் ஒரு நாள் விமான நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். நடு ஊரில் காலியாகும் அத்தனை பெரிய நிலத்தை என்ன செய்வது? யாருக்குக் கொடுப்பது?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரம் ஆஸ்டின். அந்த ஊரார் இந்தக் கேள்விக்குக் கண்ட பதிலை நான் நேரில் பார்த்தேன். என் தங்கைக்குப் பிரசவ உதவியாக நாலு மாதம் போயிருந்தேன். அவள் குடியிருப்பது பழைய விமான நிலையம் இருந்த அதே இடத்தில்! ராபர்ட் முல்லர் விமான நிலையம் என்று பெயர். எழுத்தைப் பார்த்தால் ‘முல்லர்’. ஆனால் ஊரார் வாயில் ‘மில்லர்’தான்.

1930-ல் திறந்த விமான நிலையம் இது. ஊரின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. 1928-ல் போட்ட நகரத் திட்டம், கறுப்பின மக்களையெல்லாம் கிழக்குப் பக்கமே ஒதுக்கிவிட வழி செய்தது. ஆகவே விமானச் சத்தத்தின் பெரும்பங்கு யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘இதை இங்கிருந்து எடுங்கள், எடுத்த பிறகு இந்த நிலம் எங்களுக்கும் பயன்படட்டும்’ என்று சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் 1980-களிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டன. 1993-ல் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதம் சொன்னார்கள். மூடப்பட்ட ஒரு விமானப்படைத் தளம் புதிய விமான நிலையமாக மாறியது. 1999-ல் முல்லரில் பயணிகள் விமானம் நின்றது.

உடைத்ததும் காத்ததும்

சுமார் 700 ஏக்கர் நிலம். ஏலம் போட்டு விற்றுக் கை கழுவியிருக்கலாம். ஆஸ்டின் நகராட்சி அப்படிச் செய்யவில்லை. அக்கம்பக்கத்தாரோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசி, 2000-ல் ஒரு திட்டத்தை ஏற்றது. அதன் பிறகுதான் கட்டும் பொறுப்பை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. 2007-ல் முதல் குடும்பங்கள் பால் காய்ச்சின என்று நம் வழக்கப்படி வைத்துக்கொள்வோமே!

விமானம் ஓடிய ரன்வேயின் கான்கிரீட்டை உடைத்து, பொடித்து, புதிய தெருக்களுக்கு அடியிலேயே போட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளவும் இல்லை. சில ஹாங்கர்கள் சினிமா ஸ்டூடியோ ஆகிவிட்டன. மரத்தால் வளைத்துக் கட்டிய ஒரு பழைய ஹாங்கரை அப்படியே வைத்திருக்கிறார்கள். விமானங்களுக்கு வழிகாட்டிய நீலநிறக் கண்ட்ரோல் டவரும் நிற்கிறது. வழி தெரியாமல் நான் விழித்தபோதெல்லாம் எனக்கும் அதுதான் வழிகாட்டி!

திண்ணை உள்ள வீடுகள்

எனக்கு ரொம்பப் பிடித்தது வீட்டு முகப்பு. அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டுக்கு முன்னால் பெரிய கார் ஷெட்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். இங்கே காரெல்லாம் பின்பக்கச் சந்தில். முன்பக்கம் நம் திண்ணை மாதிரி ஒரு தாழ்வாரம், இரண்டு நாற்காலி. தாழ்வாரம் தெருவை ஒட்டியே இருப்பதால், போகிறவரோடு உட்கார்ந்தபடியே நாலு வார்த்தை பேசலாம்.

“அக்கா, முன்னாடி இருந்த வீட்ல மூணு வருஷம் பக்கத்து வீட்டுக்காரி பேருகூடத் தெரியாது. இங்க வந்த ஒரே மாசத்துல பத்துப் பேரைத் தெரிஞ்சுடுச்சு” என்றாள் தங்கை.

பிள்ளை பெற்றவளுக்கு இது எவ்வளவு பெரிய மருந்து! நாள் முழுக்க நாலு சுவருக்குள் கைக்குழந்தையோடு அடைந்து கிடந்தால் மனசு சோர்ந்துபோகும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மாலையில் இறங்கினால், சில நிமிட நடையில் ஒரு சிறிய பூங்கா, கொஞ்சம் தள்ளி ஏரி. மொத்தம் சுமார் 140 ஏக்கர் பூங்காவுக்கே விட்டிருக்கிறார்கள். மளிகைக் கடைக்கும் நடந்தே போகலாம். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே குடிவந்தவர்களை விசாரித்ததில், முன்பைவிட அதிகம் நடக்கிறார்கள், காரில் உட்காரும் நேரம் குறைந்திருக்கிறது என்று தெரிந்ததாம். ‘நட நட’ என்று டாக்டர் சொன்னால் மட்டும் போதுமா? நடக்கத் தெருவும் நிழலும் வேண்டாமா?

குழந்தைகளுக்கென்றே 2007-ல் டெல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனை இங்கே திறந்தது. உள்ளே முற்றங்கள் வைத்துச் செடிகொடி வளர்த்திருக்கிறார்கள். நோயாளிக் குழந்தை ஜன்னல் வழியே பச்சையைப் பார்க்கலாம். 2013-ல் ‘திங்கரி’ என்ற குழந்தைகள் அருங்காட்சியகமும் வந்தது. ‘தொடாதே’ என்று சொல்லாத அருங்காட்சியகம்! எல்லாவற்றையும் தொட்டுத் தண்ணீரில் அளைந்து கற்கலாம்.

தெருப் பெயர்களையும் கவனித்தேன். 1948-ல் ஆஸ்டின் நகரசபைக்குத் தேர்வான முதல் பெண் எம்மா லாங். அவர் பெயரில் ஒரு தெரு. தென் மாநிலங்களிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு 1972-ல் தேர்வான முதல் கறுப்பினப் பெண் பார்பரா ஜோர்டன். இங்கே ஒரு பெரிய சாலைக்கும், புதிய விமான நிலையக் கட்டிடத்துக்கும் அவர் பெயர்தான். பிள்ளைகளுக்குத் தெருப் பெயரிலேயே ஒரு பாடம்.

யாருக்கு வீடு?

சரி, இத்தனை வசதியும் பணக்காரர்களுக்கு மட்டும்தானா? இதுதான் முக்கியமான விஷயம்.

மொத்த வீடுகளில் குறைந்தது நாலில் ஒரு பங்கு, சுமாரான வருமானக் குடும்பங்களுக்குத் தாங்கும் விலையிலோ வாடகையிலோ இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் வைத்துவிட்டார்கள். அந்த வீடுகளைத் தனியாக ஒரு மூலையில் ஒதுக்கவும் இல்லை. தெருவில் நடந்தால் எது முழு விலை வீடு, எது சலுகை வீடு என்று கண்டுபிடிக்க முடியாது! சலுகையில் வாங்கியவர் பிறகு விற்கும்போது, ஏறிய விலை முழுவதும் அவர் கைக்குப் போகாது. அடுத்து வரும் நடுத்தரக் குடும்பத்துக்கும் வீடு எட்ட வேண்டுமே, அதற்காக இந்த ஏற்பாடு.

ஆனாலும் எல்லாம் இனிப்பாக முடிந்துவிடவில்லை. குடியிருப்பின் எல்லைக்கு வெளியே, பழைய வீடொன்றில் இருக்கும் ஒரு பாட்டியம்மாள் பூங்காவில் பழக்கமானார். “அப்பல்லாம் விமானம் வந்தா பேச்சை நிறுத்திடுவோம். போனதும் விட்ட இடத்துலேருந்து பேசுவோம்” என்று சிரித்தவர், பிறகு பெருமூச்சு விட்டார். “சத்தம் போச்சு. வரி வந்துடுச்சு. பக்கத்துல ரெண்டு வீட்டுக்காரங்க கட்டி மாளாம வித்துட்டுப் போயிட்டாங்க. என் மகனுக்கும் இந்தப் பக்கம் வீடு வாங்கக் கட்டுப்படியாகலே.”

டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லை, வீட்டுவரிதான் அதிகம். பக்கத்தில் அழகான குடியிருப்பு வந்தால் சுற்றிலும் நிலத்தின் மதிப்பு ஏறும். மதிப்போடு வரியும் ஏறும். எல்லைக்கு உள்ளே எழுதிவைத்த பாதுகாப்பு எல்லையோடு நின்றுவிட்டது. பல வருஷம் சத்தத்தைச் சகித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அமைதியை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

சகோதரிகளே, நிலம், திட்டம், நகராட்சி என்றால் ஆண்கள் பேசும் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அந்த இடத்தில் நாள் முழுக்க இருக்கப்போவது நாமும் குழந்தைகளும்தானே? பூங்கா எவ்வளவு தூரம், கைக்குழந்தையோடு நடக்க நடைபாதை உண்டா, ஆஸ்பத்திரி எங்கே, சுமாரான வருமானக்காரருக்கு எத்தனை வீடு, பக்கத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் கதி என்ன? இந்தக் கேள்விகளை மண்ணை விற்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஆஸ்டினில் அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே கேட்டதால்தான் நாலில் ஒரு பங்காவது கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.