100 கருமுட்டையில் எத்தனை கன்று? மாட்டு ஐ.வி.எஃப் வெற்றி எங்கே நழுவுகிறது?

மனிதர்களுக்கு ஐ.வி.எஃப் தெரியும். மாட்டுக்கும் உண்டு. உலகின் முதல் ஐ.வி.எஃப் கன்று 1981-ல் அமெரிக்காவில் பிறந்தது. இந்தியாவில் 1990-ல், கர்னால் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் ‘பிரதம்’ என்ற எருமைக் கன்று பிறந்தது. இன்று ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில், ஐ.வி.எஃப் மூலம் உறுதியாகும் ஒவ்வொரு சினைக்கும் 5,000 ரூபாய் மானியம் உண்டு.

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த எல்லைக் கிராமங்களில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதனால் என்ன பயன்?

எப்படிச் செய்கிறார்கள்?

நன்றாகப் பால் தரும் பசுவின் சினைப்பையிலிருந்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் கருமுட்டைகளை எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு நாள் முதிர வைத்து, விந்தணுவுடன் சேர்த்து, உடல் வெப்பநிலையில் ஒரு வாரம் வளர்க்கிறார்கள். 7-வது நாளில் அந்தக் கரு வேறொரு பசுவின் கருப்பைக்குள் போகிறது. அதுதான் வாடகைத் தாய்ப் பசு. சாதாரணமாக வருடத்துக்கு ஒரு கன்று ஈனும் உயர்ரகப் பசுவுக்கு, இப்படிப் பல கன்றுகள் கிடைக்கும்.

எங்கே இழப்பு?

தோராயமாக ஒரு கணக்கு போடுவோம். 100 கருமுட்டையில் சுமார் 30 மட்டுமே 7-வது நாள் கருவாக நிற்கும். அந்த 30-ஐயும் 30 பசுக்களில் வைத்தால், 35 சதவீதம் சினை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பசு சினையாகும். இடையில் கலைவதைக் கழித்தால் கன்று இன்னும் குறையும்.

இப்போது ஆய்வகத்தை மேம்படுத்தி 30-ஐ 35 ஆக்கினால் 12 சினை. வாடகைத் தாய்ப் பசுவின் சினை விகிதத்தை 50 சதவீதம் ஆக்கினாலோ 15 சினை! அதாவது, பெரிய லாபம் தொழுவத்தில்தான் இருக்கு.

தொழுவத்தில் என்ன செய்யலாம்?

முதலில் நாள் கணக்கு. கருவின் வயது 7 நாள் என்றால், வாங்கும் பசு பருவத்துக்கு வந்தும் ஏறக்குறைய 7 நாள் ஆகியிருக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் பிசகினாலே கரு ஒட்டாமல் போகலாம். பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது சுமார் 21 நாள் கழித்துத்தான். அதுவரை தீவனச் செலவு மாட்டுக்காரர் தலையில்.

அடுத்து உடல்நிலை. மெலிந்த மாடு, கருப்பையில் கிருமித் தொற்று உள்ள மாடு, ஈன்று இரண்டு மாதம்கூட ஆகாத மாடு வேண்டாம். தாது உப்பும் பசுந்தீவனமும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, வெயில். கருவுற்ற முதல் ஓரிரு நாட்களில் கரு வெப்பத்தைத் தாங்காது. 7-வது நாளில் ஓரளவு தாங்கும். அதனால்தான் ஃபுளோரிடா போன்ற வெப்பப் பகுதிகளில், கோடையில் சினை ஊசியைவிடக் கரு மாற்றம் நல்ல பலன் தந்தது. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கும் இது பொருந்தும். ஆனால் நிழல், காற்றோட்டம், தண்ணீர் இல்லாமல் இந்தச் சாதகம் கிடைக்காது.

உறைய வைத்த கருவுக்குப் பொதுவாகச் சினை விகிதம் கொஞ்சம் குறைவு. பாலினம் பிரித்த விந்து சுமார் 90 சதவீதம் கிடேரி தரும். ஆனால் ஆய்வகத்தில் தேறும் கருக்கள் குறையலாம்.

யாருக்குப் பயன்?

1963-ல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் தந்த சுனந்தினி போன்ற கலப்பினங்களே கேரளத்தில் அதிகம். எல்லைக் கிராமத்துக் கலப்பின மாடு பெரும்பாலும் வாடகைத் தாயாகத்தான் இதில் சேரும். மாட்டைச் சினைப்படுத்துவது மட்டும் நோக்கமென்றால் சினை ஊசியே போதும், செலவும் குறைவு. உயர்ரகக் கிடேரி வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஐ.வி.எஃப்.

உங்கள் வீட்டில் மாடு இருந்தால், சம்மதிக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: கரு புதியதா, உறைந்ததா? என் மாட்டின் கருப்பையைப் பரிசோதித்தீர்களா? பருவ நாள் ஒத்துப்போகிறதா? சினை பிடிக்காவிட்டால் செலவு யாருடையது?