எறும்புத்தின்னி பயிரைத் தின்னாது, பிடித்தால் சிறை

செம்பனைக் கன்றுகளுக்கு அருகே புதிதாக மண் தோண்டப்பட்டிருந்தால், இரவில் உலாவும் செதில் பிராணியின் மீது சந்தேகம் விழுவது உண்டு. கைப்பேசியில் காணொளி பார்க்கும் இளையோர் அதை ஆர்மடில்லோ என்றும் சொல்லிவிடுகின்றனர். ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டங்களில் வாழ்வது. பூச்சி தேடிப் புல்தரையைக் கிளறுவதால் அங்கு அது தொல்லைதான். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தென்படுவதோ எறும்புத்தின்னி. தமிழில் அழுங்கு, மலாயில் தெங்கிலிங். இரண்டும் நெருங்கிய உறவுகூட இல்லை.

எறும்புத்தின்னிக்குப் பல்லே கிடையாது. கன்றைக் கடிக்கவோ கோழியைப் பிடிக்கவோ அதனால் முடியாது. நகத்தால் புற்றைக் கிளறி, நீண்ட நாக்கை விட்டு எறும்பையும் கரையானையும் நக்கித் தின்னும். ஒரு வகைக் கரையான் உயிருள்ள ரப்பர் மரத்தையும் செம்பனையையும் அரித்துச் சாய்த்துவிடும். மருந்து அடித்துச் செய்யும் வேலையில் ஒரு பங்கை இந்தப் பிராணி சம்பளம் வாங்காமல் செய்கிறது. இளங்கன்றின் குருத்து குதறப்பட்டிருந்தால் காட்டுப்பன்றியையோ முள்ளம்பன்றியையோ சந்தேகிக்கலாம். குலையில் பழம் கொறிக்கப்பட்டிருந்தால் அது எலி.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எறும்புத்தின்னி முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைப் பிடிப்பது மட்டுமல்ல, இறைச்சியோ செதிலோ வைத்திருப்பதும் குற்றம். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, வனவிலங்குக் குற்றங்களுக்கான உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டு சிறை என உயர்ந்தது. 2019 பிப்ரவரியில் சபாவில் மட்டும் ஏறக்குறைய 30 டன் எறும்புத்தின்னியும் அதன் இறைச்சி, செதில்களும் பிடிபட்டன. ஒரு பிரசவத்தில் பெரும்பாலும் ஒரே குட்டி போடும் விலங்கு இந்த வேட்டையைத் தாங்காது.

இத்தனைக்கும் அந்தச் செதில் நம் நகத்தில் உள்ள அதே பொருள்தான். சீனாவே 2020இல் அதைத் தன் அதிகாரப்பூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. கைக்காசு தருகிறேன் என்று தோட்டத்துக்கு வரும் இடைத்தரகர் நழுவிவிடுவார். சாக்குடன் நிற்பவர்தான் மாட்டுவார்.

லயத்துப் பக்கம் அது வந்துவிட்டால் முதலில் நாயைக் கட்டிப் போட வேண்டும். பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும். நாயும் ஆட்களும் விலகி, விளக்கை அணைத்துவிட்டால் தானே விரிந்து புதருக்குள் போய்விடும். சாக்கில் போட்டு வைப்பதும், பாலோ சோறோ கொடுப்பதும் கூடாது. கூண்டில் இது எளிதில் செத்துவிடும். சாலையில் அடிபட்டோ வலையில் சிக்கியோ கிடந்தால், பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையை 1-800-88-5151 என்ற எண்ணில் அழைத்து, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு என்று சொன்னால் போதும்.